சஹர் நேரத்து மூன்று மாத்திரைகள்

வஹிதாவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அதில் அவள் புருஷன் அப்துல் சுபான் விடிய விடியத் தூங்கிய இரவுகள் எத்தனை என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவாள். ஆறு. அந்த ஆறும் போன மாதம்தான் வாய்த்தன.

முழங்கை மடிப்பில், கணுக்காலில், இரண்டு புறங்கையிலும் கரப்பான் படை. பகலில் வேலை மும்முரத்தில் அடங்கிக் கிடக்கும். விளக்கை அணைத்ததும் விழித்துக்கொள்ளும். வேப்பிலை அரைத்துப் பூசியாயிற்று. குப்பைமேனி ஆயிற்று. கத்தரிக்காயையும் கருவாட்டையும் வீட்டைவிட்டே விரட்டியாயிற்று. அவன் சொறிகிற சத்தத்தை வைத்தே மணி இரண்டா மூன்றா என்று வஹிதா சொல்லிவிடுவாள். அப்படியானால் அவளும் தூங்கவில்லை என்றுதானே அர்த்தம்? அதை மட்டும் யாரும் ஒரு நோயாக எடுத்துக்கொண்டதில்லை.

தருமபுரிக்கு அவனை இழுத்துக்கொண்டு போய்த் தோல் டாக்டர் தீர்த்தகிரியிடம் காட்டியது அவள்தான். ஒரு களிம்பும், காலை மதியம் இரவு என்று சாப்பாட்டுக்குப் பின் வேளைக்கு ஒரு மாத்திரையும் கொடுத்தார். ஏழாம் நாள் ராத்திரி வஹிதா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். சத்தமே இல்லை. பயந்துபோய் அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. மனுஷன் தூங்கிக்கொண்டிருந்தான்.

அப்படி ஆறு இரவுகள். பிறகு பிறை தெரிந்தது, ரமலான் பிறந்தது.

நோன்பு என்றால் மதிய மாத்திரை இல்லை. சரி, இரவு மாத்திரையாவது உள்ளே போகட்டும் என்று நோன்பு திறந்து சாப்பிட்டதும் கொடுத்தாள். அன்றைக்கு ராத்திரி தராவீஹ் தொழுகையில் சஜ்தாவுக்கு நெற்றியைத் தரையில் வைத்தவன் நிமிரவில்லை. பக்கத்திலிருந்தவர் தொடையில் கிள்ளித்தான் எழுப்பினாராம். மறுநாள் அவன், இரவு மாத்திரை எனக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

வஹிதா யோசித்தாள். டாக்டர் சொன்னது நாளைக்கு மூன்று. சாப்பாட்டுக்குப் பின். சஹர் சாப்பாடும் சாப்பாடுதானே? அதிகாலை நாலு மணிக்கு, அரைத் தூக்கத்தில் சோறு தின்றுவிட்டுக் கை நீட்டுகிற புருஷன் உள்ளங்கையில் மூன்றையும் சேர்த்து வைத்தாள். அவன் எண்ணிப் பார்க்கிற ஆளில்லை. வைத்ததை விழுங்கித் தண்ணீர் குடித்தான். மருந்து வயிற்றுக்குள் போனால் சரி, நாள் பூராவும் அது பாட்டுக்கு வேலை செய்யும் என்பது அவள் முடிவு.

ஆனால் அரிப்பு ராத்திரிக்கு ராத்திரி பழையபடி வந்தது. மருந்துக்கு உடம்பு பழகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள். பகலில் அவன் தலை தொங்கியது. நோன்பு அசதி என்று எல்லோரும் சொன்னார்கள்.

இன்று பத்தொன்பதாம் நோன்பு. இன்றும் மூன்று.

பதினோரு மணிக்குப் பாஞ்சாலி வந்தாள். மாரண்டஹள்ளி கடைவீதியில் சுபான் துணி வெட்டுகிற ‘முனாப் டெய்லர்ஸ்’ கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் அவள் வேலை. வேலை நேரத்தில் வீட்டுப் பக்கம் வருகிறவளில்லை. வெள்ளை நூல்கண்டு எடுத்துப்போக வந்ததாகச் சொன்னாள். ஆனால் நூல்கண்டைக் கையில் வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

“என்ன பாஞ்சாலி?” என்றாள் வஹிதா.

விஷயம் இதுதான். தக்காளி மண்டி கிருஷ்ணப்பன் தன் மகன் கல்யாணத்துக்குப் பெங்களூரிலிருந்து கோட்டுத் துணி எடுத்து வந்து கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். துணியை மடித்துப் போட்டு வெட்டினால் இடதும் வலதும் ஜோடியாக விழும். நடுவில் ஏதோ நெசவுக் குறை தெரிந்ததால் சுபான் அதை விரித்துப் போட்டிருக்கிறான். அப்படி வெட்டும்போது இரண்டாம் முறை அளவு அட்டையைத் திருப்பிப் போட வேண்டும். இருபது வருஷமாகக் கத்திரி பிடிக்கிற கை. திருப்பிப் போடவில்லை. கோட்டின் முன்பக்கம் இரண்டும் இடது பக்கமாகவே வந்துவிட்டது.

“பெரியவரு சத்தமே போடலீங்க. அதான் பயமா இருக்குது” என்றாள் பாஞ்சாலி.

பெரியவர் என்றால் முனாப். சுபானின் அண்ணன், கடைக்கு முதலாளி. அவர் தம்பி கையிலிருந்து கத்திரியை வாங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினாராம். ‘நீ காஜா எடு’ என்றாராம். பாலக்கோட்டிலிருக்கும் கட்டிங் மாஸ்டர் மாதப்பனுக்கு ஆள் அனுப்பியாயிற்றாம். சாயங்காலம் வந்து பேசி முடித்து, நாளை முதல் வெட்டு மேசையில் நிற்பது மாதப்பன்தானாம்.

“எம் பக்கத்துல உக்காந்து காஜா எடுக்கறாருங்க. எனக்கே ஊசி ஓடல” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அடுப்படியிலிருந்து முனாப்பின் மனைவி ரஹமத் பீவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கொஞ்சம் வாய்த் துடுக்கு. மனசு அவ்வளவு மோசமில்லை.

“நோன்பு எல்லாருந்தான் வெக்கறோம். எல்லாருமா பட்டப்பகல்ல தூங்கி வழியறோம்? ராத்திரியில அப்படி என்னதான் பண்றீங்க ரெண்டு பேரும்?”

“சொறியறோம்க்கா” என்றாள் வஹிதா.

ரஹமத் பீவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு வெங்காயத்தின் பக்கம் திரும்பினாள்.

வஹிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முனாப்பை அவளுக்குத் தெரியும். வீட்டு ஆளைத் திட்டுவார், மறுநாள் மறந்துவிடுவார். ஆனால் வெளி ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டால் வானமே இடிந்தாலும் மாற்ற மாட்டார். மாதப்பனிடம் இன்று பேசி முடித்துவிட்டால் அந்த மேசை சுபானுக்குத் திரும்பி வராது. பெருநாளும் பள்ளிக்கூடம் திறப்பதும் ஒன்றாக வந்து கடையில் துணி மலைபோல் குவிந்திருக்கிற இந்த மாதத்தில், ஊரே வந்து போகிற கடையில், அவன் உட்கார்ந்து காஜா எடுப்பான்.

அதைவிட இன்னொரு பயம். சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்ததும், ‘இந்த மருந்து வந்துதான் என் பொழப்பு கெட்டுது’ என்று தூக்கி எறிந்துவிட்டால்? அந்த ஆறு இரவுகள் ஆறோடு நின்றுவிடும்.

இரண்டு பிள்ளைகளையும் ரஹமத் பீவியிடம் விட்டாள். மாத்திரை அட்டையையும் களிம்பையும் டாக்டர் சீட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள்.

“நோயாளி இங்க இருக்கான். நீ போயி என்ன பண்ணுவே?”

“கேட்டுட்டு வரேன்க்கா. எதனால தூக்கம் மாறிப்போச்சுன்னு ஒரு வார்த்த கேட்டாத்தான் எனக்கு ஆறும்.”

பாலக்கோடு வழியாகத் தருமபுரி போகும் பஸ்ஸில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஓர் இடம் கிடைத்தது. வைகாசி வெயில். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்திலிருந்த ஒரு கன்னடக்காரம்மா தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். வஹிதா நோன்பு என்று கையைக் காட்டினாள். அந்த அம்மா பாட்டிலை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். தருமபுரி வரும்வரை அவளும் குடிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் டாக்டரின் கிளினிக். மூன்று பேர் போன பிறகு கூப்பிட்டார்கள். தீர்த்தகிரி சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னாலும் பார்த்தார்.

“பேஷண்ட் எங்கம்மா?”

“கடையில காஜா எடுக்கறாருங்க.”

நடந்ததைச் சொன்னாள். ராத்திரியில் அரிப்பு, பகலில் தூக்கம் என்றாள். மருந்து வேலை செய்யவில்லை போல என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டே, மாத்திரை எந்தெந்த நேரத்தில் சாப்பிடுகிறார் என்று கேட்டார்.

“சஹர்லீங்க. விடியக்காத்தால நாலு மணிக்கு.”

“அது ஒண்ணு. மத்தது?”

“மூணும் அப்பவேதாங்க.”

டாக்டர் பேனாவை மூடினார். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அந்த மாத்திரை அரிப்பை அடக்கும், கூடவே தூக்கமும் தரும் என்று விளக்கினார். ஒன்று தின்றாலே சிலருக்குக் கண் சொக்கும். மூன்றை நாலு மணிக்கு விழுங்கினால் மதியம் வரைக்கும் ஆள் மிதப்பில்தான் இருப்பான். பொழுது சாய்ந்ததும் மருந்தின் வேகம் இறங்கிவிடும். அரிப்பு பழையபடி கிளம்பிவிடும்.

“மருந்து ஒழுங்காத்தான் வேலை செய்யுதும்மா. ராத்திரி செய்ய வேண்டியதைப் பகல்ல செய்யுது.”

வஹிதா பையின் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படியானால் கோட்டுத் துணியை வெட்டியது சுபான் இல்லை.

டாக்டர் மேலே சொல்லிக்கொண்டு போனார். தூக்கம் கெட்டால் அரிப்பு அதிகமாகத் தெரியும். அரித்தால் தூக்கம் கெடும். செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கேயாவது ஓர் இடத்தில் நிறுத்த வேண்டும். நோன்பு முடிகிறவரை ஒரே ஒரு மாத்திரை போதும், ராத்திரித் தொழுகை முடித்துப் பாயில் சாயும்போது. வேறு எந்த நேரத்திலும் கூடாது. களிம்பு காலையும் இரவும் மெலிதாக. நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். வெந்நீர் ஆகாது.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போகும்போதெல்லாம், பிசுக்கு இருந்தால் தண்ணீர் தோலில் படாது என்று சுபான் சோப்புப் போட்டுத் தேய்த்துக் களிம்பைக் கழுவிவிடுவான். தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை?”

“அஞ்சுங்க.”

“சோப்பு வேண்டாம். வெறும் தண்ணி. அஞ்சு தடவை கழுவறாருன்னா, ஈரம் காயறதுக்குள்ள அஞ்சு தடவை தேங்காய் எண்ணெய் தடவட்டும். எனக்கு நல்லதாப் போச்சு. நாளைக்கு அஞ்சு தடவை தடவச் சொன்னா வேற எந்த பேஷண்ட் கேக்கறான்?”

இவ்வளவுதான் என்று எழுந்தவளை அவர் உட்காரச் சொன்னார்.

“இன்னொண்ணு இருக்கு. பதினஞ்சு நாள் பாக்கலாம். கை அடங்கிட்டா நல்லது. அடங்கலைன்னா ஒரு மாசம் அவரு புதுத் துணியைத் தொடாம இருக்கணும். கஞ்சி, சாயம், ஏதோ ஒண்ணு ஒத்துக்காம இருக்கலாம். விலகி இருந்து பாத்தாத்தான் தெரியும்.”

“அவரு டெய்லருங்க” என்றாள் வஹிதா.

“தெரியும்மா. அதனாலதான் சொல்றேன்.”

சீட்டை நீட்டும்போது கேட்டார்: “நீங்க ராத்திரியில எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?”

பதினோரு வருஷத்தில் இதை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம். காற்று அனலாக வந்தது. அவளுக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்துகொண்டு பேசினான். எதற்காகச் சொல்ல வேண்டும்? நாளை சஹரில் மாத்திரையை நிறுத்து. ராத்திரி ஒன்று கொடு. மூன்றே நாளில் சுபான் தெளிந்துவிடுவான். நோன்பு அசதி தீர்ந்தது என்று ஊர் நினைத்துக்கொள்ளும். உன் தலைமேல் ஒரு பழியும் இல்லை.

மூன்று நாள் கழித்துத் தெளிந்து என்ன செய்ய? மேசையில் மாதப்பன் இருப்பான்.

அப்படியானால் ரஹமத் பீவியிடம் சொல்லி, அவள் மூலமாக முனாப்புக்குச் சொல்லலாம். அதுதான் அந்த வீட்டு வழக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மச்சான் முறையாகிற முனாப்பின் முகத்துக்கு நேரே வஹிதா ஒரு வார்த்தை பேசியதில்லை. சோறு போட வேண்டுமா என்பதைக்கூடக் கதவுக்குப் பின்னால் நின்று அக்காவிடம்தான் கேட்பாள். ஆனால் முனாப் இன்று நோன்பு திறக்கக் கடையிலேயே இருந்துவிடுவார். அக்கா காதுக்குப் போய் அவர் காதுக்கு வருவதற்குள் வாக்குக் கொடுத்தாகிவிடும்.

பாலக்கோட்டில் பஸ் அரை மணி நின்றது. டிரைவர் டீ குடித்தார், வெற்றிலை போட்டார், யாரோ ஒருவரிடம் ஆற அமர நலம் விசாரித்தார். வஹிதா மனசுக்குள் அவரை என்னென்னவோ சொன்னாள். நோன்பாளி சொல்லக்கூடாத வார்த்தைகள்தான்.

மாரண்டஹள்ளியில் இறங்கும்போது ஆறேகால். வீட்டுக்குப் போகிற சந்தில் திரும்பவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைவீதியில் நேராக நடந்தாள்.

கடையில் நான்கு மெஷினும் நின்றிருந்தன. நோன்பு திறக்கப் பள்ளிவாசலிலிருந்து வந்த கஞ்சித் தூக்கு ஸ்டூல்மேல் இருந்தது. பெஞ்சில் ஒரு குட்டையான மனுஷர், கழுத்தில் டேப், மடியில் சொந்தக் கத்திரி. மாதப்பன் வந்துவிட்டார். முனாப் அவருக்கு எதிரே உட்கார்ந்து, காலை எட்டு மணிக்குக் கடை திறப்பது, மதியம் சாப்பாட்டுக்கு விடுவது பற்றியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூலையில் பாஞ்சாலிக்குப் பக்கத்தில் சுபான். ஒரு பள்ளிக்கூடச் சட்டையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தான். வஹிதாவைப் பார்த்ததும் ஊசி நின்றது. வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று நினைத்து எழுந்துவிட்டான்.

அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

“மச்சான்” என்றாள்.

முனாப் திரும்பவில்லை. வேறு யாரையோ யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பார். பாஞ்சாலிதான் நூலைப் பல்லில் கடித்தபடி, “உங்களத்தானுங்க” என்றாள்.

முனாப் எழுந்து நின்றார். தம்பி பெண்டாட்டி முதல்முறையாகக் கூப்பிடுகிறாள். என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“சொல்லும்மா.”

மாத்திரை அட்டையை எடுத்து வெட்டு மேசைமேல் வைத்தாள்.

“கோட்டுத் துணியக் கெடுத்தது அவரு இல்லீங்க, நாந்தான். வேளைக்கு ஒண்ணு குடுக்க வேண்டிய மாத்திர இது. தூக்கம் வர்ற மாத்திர. நோன்பாச்சேன்னு மூணையும் சேத்து சஹர்லயே குடுத்துட்டேன். பத்துப் பதினஞ்சு நாளா. அவருக்குத் தெரியாது. கையில வெச்சத முழுங்குனாரு. இப்பத்தான் டாக்டரு சொல்லி எனக்கே தெரியும்.”

முனாப் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“மூணா?”

“மூணுங்க.”

“குதிரைக்குக் குடுத்தாலும் படுத்துருமேம்மா. இவன் நின்னுகிட்டு வெட்டியிருக்கான்.”

மாதப்பன் முதலில் சிரித்தார். பிறகு, சிரிக்கிற இடமா என்று சந்தேகப்பட்டு நிறுத்திக்கொண்டார்.

சுபான் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். வெடித்து, தடித்து, ரத்தம் கசிந்து காய்ந்த கைகள். பிறகு அவளைப் பார்த்தான். கோபப்படுவான் என்று வஹிதா எதிர்பார்த்தாள். படட்டும் என்றுதான் நின்றாள்.

“எனக்குக் கையே போயிருச்சுன்னு நெனச்சேன்” என்றான். “பத்து நாளா. அண்ணங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இருந்தேன்.”

முனாப் தொண்டையைச் செருமிக்கொண்டார். தம்பியைப் பார்க்காமல் மாதப்பனிடம் பேசினார். மேசைக்கு ஆள் இருக்கிறது, தப்பாக நினைக்காதீர்கள் என்றார். பெருநாள் வரைக்கும் பள்ளிக்கூட யூனிபாரம் தைத்துக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். மாதப்பன் யோசித்து, கத்திரியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, யூனிபாரத்துக்கு என்னங்க, தைக்கலாம் என்றார். வாக்குக் கொடுக்க இன்னும் நாலு வார்த்தைதான் பாக்கி இருந்திருக்கிறது.

முனாப் டிராயரைத் திறந்தார். கத்திரியை எடுத்து மேசைமேல் வைத்தார். கிருஷ்ணப்பனின் கோட்டுக்கு நாளைக் காலை முதல் பஸ்ஸில் தானே பெங்களூருக்குப் போய் அதே துணி எடுத்து வருவதாகச் சொன்னார். “வெள்ளிக்கெழம வெட்டணும். ரெண்டு ராத்திரி இருக்குது. தூங்கு.”

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

பாஞ்சாலி எழுந்து பேரீச்சம்பழத் தட்டை ஒவ்வொருவரிடமும் நீட்டினாள். வாசற்படியில் நின்ற வஹிதாவுக்கும் ஒன்று. அண்ணனும் தம்பியும் நோன்பு திறந்தார்கள். மாதப்பனுக்கும் ஒரு டம்ளர் கஞ்சி ஊற்றினார்கள். சுபான் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்த கையாலேயே கத்திரியை எடுத்தான். விரல்களை நுழைத்து ஒருமுறை திறந்து மூடினான். வெறும் காற்றைத்தான் வெட்டினான். அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை வஹிதா இந்த நோன்பு முழுக்கப் பார்த்ததில்லை.

முனாப் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்தார். பாதியில் நிமிர்ந்து, இந்தமுறை நேராகவே அவளைப் பார்த்துக் கேட்டார்.

“அம்மாந்தூரம் போயிருக்கே. மாத்திரையத் தவிர வேற ஒண்ணும் சொல்லலையா டாக்டரு?”

வஹிதாவின் வாயில் பேரீச்சம்பழம் பாதி கரைந்திருந்தது. இல்லை என்று தலையாட்டினால் போதும். இன்று ராத்திரி அண்ணனும் தம்பியும் அவளும் நிம்மதியாகத் தூங்கலாம். பதினைந்து நாள் கழித்து வருவதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். கத்திரியைப் பிடித்த அந்தக் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் புதுத் துணியின் நூல்பிசிறு ஒட்டியிருந்தது. சுபான் அதைக் கவனிக்காமலே அந்த இடத்தைச் சொறிந்துகொண்டிருந்தான்.

பழத்தை விழுங்கினாள்.

“சொன்னாருங்க” என்றாள்.